கேளுங்கள், கதைப்போம்: உளவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எழுதப்பட்ட கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். உளவியல் படிக்கலாமா, உளவளத்துணை (கவுன்சலிங்) படிக்கலாமா, படித்துவிட்டு என்ன செய்வது? இருபது வருடமாகக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்த வேலையில் இருக்கிறேன். வன்னிப் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் ஊர் மட்டும்.

அக்கா, கலைப்பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க விருப்பம். என் பெரியண்ணா 2009 இல் காணாமல் போனவர். அம்மா இன்றைக்கும் தேடுகிறா. அவவைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. ஆனால் ஆரும் தங்கள் கதையைச் சொன்னால் எனக்கு உடனே அழுகை வந்துவிடும். நான் இந்தப் படிப்புக்குச் சரிவருவேனா? (விசுவமடு)

தங்கச்சி, அழுகை வருவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எனக்கு இன்றும் வரும். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத ஆறுதலை இன்னோர் அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்குள் இருக்கும். அந்த அவசரம் எனக்கும் இருந்தது. அதனால் ஒருவருக்குத் தீங்கு செய்திருக்கிறேன்.

2013 ஆம் ஆண்டு. அப்போது நான் பட்டதாரி இல்லை. ஒரு நிறுவனத்தில் களப்பணியாளர், கையில் இருந்தது சில வாரப் பயிற்சி. கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவிடம் போய்வருவேன். அவருடைய மகனும் 2009 இல் போரில் காணாமல் போனவன். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்து வீட்டைக் கட்டி முடித்திருந்தார். முன்பக்கம், குசினி, ஓர் அறை எல்லாம் பூசி வெள்ளையடித்தாயிற்று. மற்ற அறை மட்டும் கல்லுத் தெரிய அப்படியே இருந்தது. காசு போதவில்லையோ என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, சீமெந்தும் வாங்கித்தான் வைச்சிருக்கிறன். அது தம்பி வந்து பூசுவான். அவன் மேசன் வேலை பழகினவன்" என்றார். மூலையில் இரண்டு பை சீமெந்து, மேலே படங்கு போட்டு மூடி, கயிற்றால் கட்டியிருந்தது.

மூன்றாம் தடவை போனபோது நான் சொன்னேன்: "அம்மா, நாலு வருசமாச்சு. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணமும் வரும், உங்களுக்கும் மனம் ஆறும்." அவர் கோபிக்கவில்லை. எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். குடித்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போனால் படலை கட்டியிருந்தது. உள்ளே வானொலி பாடுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் அப்படித்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு விளங்க வருடக்கணக்கு எடுத்தது. என் மாமாவின் மகனும் 2009 மே மாதத்தில் காணாமல் போனவன்தான். எங்கள் வீட்டில் 2011 இல் அவன் இல்லை என்று ஒரு முடிவு கட்டி அந்தியேட்டிக் கிரியையும் செய்துவிட்டோம். அந்த முடிவு எனக்கு நித்திரையைத் திருப்பித் தந்தது. அதையே தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாவின் கையில் திணித்திருக்கிறேன். அவர் கேட்கவே இல்லை.

பிறகு, முப்பத்தெட்டு வயதில் பட்டப்படிப்புக்குப் போனபோது ஒரு விரிவுரையில் பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றிச் சொன்னார்கள். வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவர். உடலும் கிடைக்காமல் ஆளும் வராமல் இருக்கும் இழப்புக்கு அவர் தனியாக ஒரு பெயர் வைத்தார். நிச்சயமற்ற இழப்பு என்று நாங்கள் தமிழில் படித்தோம். இப்படியான இழப்பில் துக்கம் ஆறாமல் நிற்பது அந்த மனிதரின் கோளாறு அல்ல, நிலைமையே அப்படிப்பட்டது என்பது அவருடைய வாதம். 'இருக்கிறான்', 'இல்லை' என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் நாளைக் கொண்டுபோக வேண்டும். நீ முடிவுக்கு வா என்று வெளியாள் சொல்லக் கூடாது. விரிவுரை நடந்துகொண்டிருக்க எனக்கு அந்தச் சீமெந்துப் பைதான் கண்ணுக்குள் நின்றது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டமாக வந்து குந்தியபோது, எழும்பிப் போங்கள் என்று சொன்னவர்களுக்கும் இதைத்தான் விளங்கப்படுத்த முயன்றேன்.

ஆகவே தங்கச்சி, உங்கள் வீட்டுக் கதை உங்களைத் தகுதியில்லாதவர் ஆக்காது. அது மட்டும் தகுதியும் ஆகாது. படிக்கப் போனதும் நீங்களே ஓர் உளவளத்துணையாளரிடம் போய் இருந்து கதையுங்கள். ஒருதரம் இரண்டுதரம் போதாது, சில மாதமாவது வேண்டும். பயிற்சி தொடங்கினால் மேற்பார்வையாளர் ஒருவர் இல்லாமல் ஆரையும் பார்க்காதீர்கள். ஒவ்வோர் ஆளையும் பார்த்துவிட்டு வந்து, அங்கே நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று மூத்த ஒருவரிடம் விரித்துச் சொல்வதுதான் மேற்பார்வை. 2013 இல் எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால், "அந்த அறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டீரா?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். அது போதுமாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியலைத் தமிழில் படிக்கலாம். பேராதனையிலும் உளவியல் சிறப்புப் பட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கிப் பார்த்து இரண்டையும் போடுங்கள். இடையில் இரவில் மனம் தாங்காமல் போனால் 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநாலு மணித்தியாலமும் ஆள் இருக்கும். அம்மாவுக்கும் அந்த இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள்.

வணக்கம். நான் துணுக்காயில் கமம் செய்பவன். மகள் உளவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊரில் 'விசர்ப் படிப்போ' என்று கேட்கிறார்கள். எனக்கு அதைவிட வேலைதான் யோசனை. இதைப் படித்தால் சம்பளத்தோடு ஒரு வேலை கிடைக்குமா? டொக்டர் மாதிரி வரலாமா? (துணுக்காய்)

ஐயா, மறைக்காமல் கேட்டிருக்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் மூன்று பேரைப் பிரித்துப் பாருங்கள். மருந்து எழுதுகிற உளமருத்துவர், மருத்துவபீடத்தில் ஐந்து வருடம் படித்து அதன் மேலே சிறப்புப் படிப்பும் முடித்தவர். விஞ்ஞானப் பிரிவில் உயிரியல் எடுத்தவர்களுக்குத்தான் அந்த வழி. அடுத்தவர் மருத்துவ உளவியலாளர். மருந்து கொடுக்கமாட்டார், ஆனால் நோயை மதிப்பிட்டுப் பேச்சுச் சிகிச்சை செய்வார். இதற்கு உளவியல் பட்டம் மட்டும் போதாது. அதன் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நடப்பது போன்ற முதுதத்துவமாணி (எம்.ஃபில்) படிப்பு முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். மூன்றாமவர் உளவளத்துணையாளர், என்னைப் போல. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக, பாடசாலையில் வழிகாட்டல் ஆசிரியராக, தொண்டு நிறுவனத்தில் என்று பல இடத்தில் இருப்போம். மகள் எதை மனதில் வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். அனேகமான பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரியாமலே மூன்று வருடம் படித்துவிட்டு வந்து என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

வேலை என்றால், பட்டம் எடுத்த மறுமாதம் அரச நியமனம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். நியமனம் வருகிறபோதுதான் வரும். தொண்டு நிறுவன வேலைகள் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும். 2009 க்குப் பிறகு இங்கே எத்தனை பெயர்ப்பலகை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் தேவை குறையவில்லை, ஐயா. நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கிற வீடு, ஐஸ் போதைக்குப் போன பெடியன், காலிழந்த பிறகு குடிக்கிற மனுசன் என்று எங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறது. தமிழ் தெரிந்த, இந்த மண்ணைத் தெரிந்த ஆட்கள் போதாது. மகள் பட்டத்தோடு ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் கதவுகள் கூடத் திறக்கும். ஆசிரியத் தொழிலுக்கும் சமூகசேவை உத்தியோகங்களுக்கும் இதே பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமாவைப் பாருங்கள். அது அரச நிறுவகம். தெருவுக்குத் தெரு ஒட்டியிருக்கிற மூன்று மாதச் சான்றிதழுக்குக் காசு கட்டாதீர்கள். உளவளத்துணையாளர் என்று பலகை போட இந்த நாட்டில் சட்டப்படியான பதிவு ஒன்றும் கேட்பதில்லை. அதனால் எவரும் பலகை போடலாம், எவரும் சான்றிதழ் அச்சடிக்கலாம். ஒரு படிப்பைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: மேற்பார்வையோடு எத்தனை மணித்தியாலம் ஆட்களைப் பார்க்க விடுவீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள்.

'விசர்ப் படிப்பு' என்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. அப்படிக் கேட்ட இரண்டு பேராவது பொழுதுபட்ட பிறகு என் வீட்டுப் பின்படலையால் வந்து மகனைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் முதலாம் வருட மாணவன். மனதைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்தால் இடை, நியம விலகல் என்று கணக்குப் படிப்பிக்கிறார்கள். சாதாரண தரத்திலேயே கணிதத்தைத் தட்டுத்தடுமாறித்தான் கடந்தேன். இது எதற்கு அக்கா? பாதியில் விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். (முல்லைத்தீவு)

விடாதீர்கள் தம்பி. உளவியல் ஒரு தனித்துறையாகத் தொடங்கியதே அளப்பதில்தான். 1879 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் திறந்தது ஆய்வுகூடம். மனிதர் சாய்ந்து கிடந்து கதை சொல்லும் கதிரை பிறகு வந்தது.

உங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்த பிறகு முல்லைத்தீவில் நானும் தொண்டராக நின்றேன். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நடந்ததை எல்லாம் ஒரே இருப்பில் சொல், படமாகக் கீறு என்றார்கள். சொன்னால் பாரம் இறங்கும் என்று எல்லோரும் மனதார நம்பினோம். ஆனால் அப்படி ஒரே அமர்வில் சொல்லவைத்தவர்களையும் விட்டுவிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்திருந்தன. பின்னாளில் மனவடு நோய் வராமல் அந்த அமர்வு தடுக்கவில்லை என்று அவை காட்டின. சில ஆய்வுகளில் சொல்லவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கஷ்டப்பட்டிருந்தார்கள். இதை வெறும் கண்ணால் காண முடியாது. நல்ல மனம் படைத்தவர்கள் செய்கிற காரியம் நல்லதாகத்தான் தெரியும். எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டு உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார், கேள், இணைத்துவிடு என்கிறது. சொல்லச்சொல்லி நெருக்காதே என்றும் சொல்கிறது.

கணக்கையும் பார்ப்போம். ஐந்து பேர் இரவில் நித்திரை கொள்வது 2, 3, 3, 4, 8 மணித்தியாலம் என்று வையுங்கள். கூட்டினால் 20, ஐந்தால் பிரித்தால் இடை, அதாவது சராசரி, 4. அறிக்கையில் நாலு மணித்தியாலம் என்று எழுதுவோம். ஆனால் வரிசையில் நடுவில் இருப்பவர் மூன்று மணித்தியாலம்தான் கொள்கிறார், அதுதான் இடையம். எட்டு மணித்தியாலம் படுக்கிற ஒருவர் மற்ற நாலு பேரின் கண்ணெரிவை மறைத்துவிட்டார். ஆட்கள் இடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதைத்தான் நியம விலகல் சொல்லும். சூத்திரத்தைப் பார்க்கும்போது அந்த ஐந்து பேரை நினையுங்கள். கணக்கு ஓடுகிற நண்பன் ஒருவனோடு கிழமைக்கு இரண்டு பின்னேரம் இருந்து செய்து பாருங்கள். எனக்கு முப்பத்தெட்டு வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்றுதான் சொல்லித் தந்தது.

லண்டனில் இருக்கும் சித்தி, அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியலும் உளவளத்துணையும் சேர்ந்த பட்டத்தை இணையவழியில் படி, காசு நான் கட்டுகிறேன் என்கிறா. நல்லதா? (அக்கராயன்)

சித்தியின் மனம் பெரியது. கட்டுவதற்கு முன் அவவையே மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள், மகள். அந்தப் பட்டத்தைப் பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்திருக்கிறதா? அங்கே மேலே படித்து உளவியலாளர் ஆக அது வேண்டும். இரண்டாவது, பட்டத்தின் பெயரில் உளவளத்துணை என்று இருந்தாலும் பயிற்சி இருக்கிறதா, அல்லது பாடம் மட்டும்தானா? பிரித்தானிய உளவளத்துணைச் சங்கம் ஒரு பயிற்சிநெறியை அங்கீகரிப்பதென்றால் மேற்பார்வையோடு ஆகக் குறைந்தது 100 மணித்தியாலம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். இணையத்தில் பாடம் மட்டும் முடித்தால் கையில் உளவியல் அறிவு இருக்கும், உளவளத்துணையாளர் ஆகியிருக்கமாட்டீர்கள். மூன்றாவது, அந்தப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

அங்குள்ள கட்டணத்தை ரூபாவில் பெருக்கிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பக்கென்கிறது. இங்கே திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் சிறப்புப் பட்டம் இருக்கிறது. ஆங்கில மொழிமூலம்தான், வீட்டிலிருந்தே பெரும்பாலும் படிக்கலாம். அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சித்தியோடு கதையுங்கள்.

நான் இறுதி வருடம். களப்பயிற்சிக்காக ஊருக்கே வந்திருக்கிறேன். புத்தகச் சொற்கள் வாயில் வருகின்றன, ஆனால் சனத்துக்கு அது ஏறவில்லை. மனச்சோர்வு என்றால் களைப்பு என்று நினைக்கிறார்கள். கோவிலுக்குப் போய் நூல் கட்டியவர்களிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. (மாங்குளம்)

இந்தக் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தேன். உங்களுக்கு இந்த வேலை வரும், தம்பி. சனத்துக்கு ஏறவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்களே, அதுவே பெரிது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் ஐயா. படிவத்தில் 'பசி குறைந்திருக்கிறதா' என்று ஒரு கேள்வி. இல்லை என்றார், நானும் இல்லை என்று அடித்தேன். எல்லாக் கேள்வியும் முடிய அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று புள்ளி வந்தது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, இரவு என்ன சாப்பாடு என்று சும்மா கேட்டேன். "மனுசி போட்டுத் தரும், தின்னுவன். மண்ணைத் தின்னுற மாதிரித்தான் பிள்ளை" என்றார். அவர் தட்டில் சோறு குறையவில்லை, ருசி போய்விட்டது. நான் கேட்ட சொல்லுக்கு அவர் உண்மையான பதில்தான் தந்திருக்கிறார்.

எங்கள் ஆட்கள் மனம் என்று தொடங்கமாட்டார்கள். நெஞ்சுக்குள் எரியுது, தலை விறைக்குது, கைகால் உழையுது, யோசனை கூடிப்போச்சு, ஒரே பெருமூச்சாய் வருது என்பார்கள். இதை உடம்பு வருத்தம் என்று தள்ளியும் விடாதீர்கள், உடனே மனச்சோர்வு என்று மொழிபெயர்த்தும் விடாதீர்கள். "யோசனை கூட என்றால் எப்படி அம்மா? எந்த நேரத்தில் வரும்? வந்தால் என்ன செய்வீங்கள்?" என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்து கேளுங்கள். கார்ல் ரோஜர்ஸ் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, போலியில்லாத தன்மை என்று 1957 இல் எழுதியதை மனப்பாடமாக்கியிருப்பீர்கள். அதில் முதலாவது இங்கே இப்படித்தான் நடக்கும்.

கோவில் விஷயம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய் நேர்த்தி முடித்துவிட்டு வந்து, அன்றைக்குத்தான் நித்திரை கொண்டேன் என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். அது பொய்யில்லை. அம்மனிடம் போனால் ஊரே கூட இருக்கிறது, அழலாம், கேட்பாரில்லை. நூலைக் கழற்று என்று நீங்கள் சொன்னால் அடுத்தமுறை உங்களிடம் ஒளிப்பார்கள். நூலும் இருக்கட்டும், கிளினிக் துண்டும் இருக்கட்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: நேர்த்திக்காக மருந்தை நிறுத்தச் சொன்னால், அல்லது ஆளைக் கட்டிவைத்தால், அடித்தால், அன்றைக்கே மேற்பார்வையாளருக்கும் மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் சனம் சொன்ன சொல்லை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். என்னிடம் அப்படிப் பதினொரு கொப்பி இருக்கிறது. பாடப்புத்தகத்தைவிட அதைத்தான் கூடத் திறக்கிறேன். பெயரும் ஊரும் மட்டும் அதில் வரக்கூடாது. மாங்குளச் சந்தியில் பஸ் மாறும்போது கொப்பி தவறினாலும், எடுத்து வாசிக்கிறவருக்கு அது ஆருடைய நெஞ்செரிவு என்று தெரியக்கூடாது.